ஐந்து மாதமாக ஏழாம் நாள்

ஷலபி சாட்சியத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

'கடக்' என்ற சத்தம் கேட்டுத்தான் டாக்டர் ஸுஹைர் கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"வாயில என்ன?"

"கொண்டக்கடலை."

"எங்கேருந்து எடுத்தே?"

ஷலபியின் கண்கள் மேஜைக்குப் போயின. அங்கே இளஞ்சிவப்பு வலைத்துணியில் தைத்த ஒரு சின்னப் பை, வாய் அவிழ்ந்து கிடந்தது. வறுத்த கொண்டைக்கடலை, சர்க்கரை பூசிய பாதாம், அடியில் மிட்டாய்களுக்கு நடுவே மிட்டாய் மாதிரியே இரண்டு சிவப்பு மாத்திரைகள்.

"ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர். மாத்திரையைத் தொடல."

"மித்வல்லி பதினஞ்சு வருஷம் உள்ள இருக்கணுமா வேணாமான்னு தீர்மானிக்கப்போற பை அது."

"அதான் கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாமேன்னு."

ஸுஹைர் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. 'டாக்டர்' என்று எல்லோரும் கூப்பிட, முப்பது வருடம் மருந்துக் கடை நடத்தி, அதை மூடிவிட்டு, இப்போது மன்ஸூரா நகரில் ஒரு கரும்புச் சாற்றுக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் உட்கார்ந்து, வக்கீல் ஸக்கி கொடுக்கும் வழக்குகளுக்கு உண்மை தேடிக் கொடுப்பவர். ஷலபி அவருடைய டிரைவர், தூதுவன், சில நாட்களில் தலைவலி. நாற்பத்தைந்து வயதில் மூன்று பெண்களுக்குத் தகப்பன். பழைய மைக்ரோபஸ் டிரைவர்.

மித்வல்லியும் மைக்ரோபஸ் டிரைவர்தான். பதினொரு நாளைக்கு முன்பு, காலை ஏழே கால் மணிக்கு, அவன் வண்டி கஃப்ர் நஈம் வளைவில் நேராகப் போய்க் கால்வாயில் இறங்கியது. பயணிகளில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. ஒருவர் தையல் டீச்சர். இன்னொருத்தி வெங்காயம் விற்கிறவள். மித்வல்லியைக் கயிறு கட்டி இழுத்தபோது ஸ்டியரிங் பிடித்த மாதிரியே கைகளை நீட்டிக்கொண்டு வந்தானாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 'ஸ்ட்ராபெர்ரி' இருந்தது. டிரைவர்கள் வைத்த பெயர் அது. டிரமடால் என்ற சிவப்பு வலி மாத்திரை. தூக்கம் வராது, முதுகு வலிக்காது, ரோடு ரிப்பன் மாதிரி நீளும் என்பார்கள்.

மித்வல்லி குர்ஆன் மேல் கை வைத்து, தொட்டதே இல்லை என்கிறான்.

நாளைக் காலை பத்து மணிக்கு அரசு வழக்கறிஞர் முன்னால் விசாரணை. தெரிந்து சாப்பிட்டான் என்றால் பல வருடம். தெரியாமல் என்றால் வீட்டுக்குப் போகலாம்.

அவன் மனைவி இன்ஸாஃப் நேற்று இங்கே வந்து இந்தப் பையை வைத்துவிட்டுப் போனாள். "அவரோட அங்கிப் பையில இருந்துச்சு. யாரோ குழந்தையோட ஏழாம் நாள் விழாப் பைன்னு குடுத்திருக்காங்க. மிட்டாய்னு நெனச்சுச் சாப்பிட்டிருக்காரு."

ஸுஹைர் கோப்பை மறுபடி படித்தார். "வக்கீல் கேட்டிருக்காரு, 'அன்னைக்குக் காலைல என்னென்ன சாப்பிட்டே?' மித்வல்லி சொல்றான், 'வெறும் டீதான். என் பொண்டாட்டி சர்க்கரை போட்டுக் குடுத்தா. எனக்குச் சர்க்கரை வியாதின்னு பத்து வருஷமா ஒரு ஸ்பூன்கூடப் போட்டதில்ல. அன்னைக்குப் போட்டா. ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்த மனுஷன்னு எரக்கப்பட்டா போல.' இதைச் சொல்லும்போது அழுதானாம்."

"குடுத்து வெச்சவன்," என்றான் ஷலபி. "என் வீட்ல நான்தான் டீ போடறேன். எரக்கமும் நான்தான் படறேன்."

"மிட்டாய் சாப்பிட்டதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல, கவனிச்சியா?"

"மறந்திருப்பான் டாக்டர். தலைகீழாக் கால்வாயில விழுந்தா நான் என் பேரையே மறந்துருவேன்."

ஸுஹைர் பையில் கோத்திருந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பளபளவென்று இருந்தது. 'எங்கள் இஸ்மத்தின் ஏழாம் நாள்.' கீழே கழுத்து நீண்ட மண் குடுவைப் படம்.

"குடுவை. அப்போ பொண்ணு," என்றான் ஷலபி. "பையனா இருந்தா மூக்கு வெச்ச கெண்டி போட்டிருப்பான். எனக்கு மூணு தடவையும் குடுவைதான். கடைக்காரனே கேக்காம எடுத்து வெச்சான்."

"ஆனா இஸ்மத் ரெண்டு பேருக்கும் வெக்கற பேரு."

"என் சித்தப்பா பேரு இஸ்மத். அவர் சம்பந்தியம்மா பேரும் இஸ்மத். கல்யாணத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா தாடியும் திரும்பும், முக்காடும் திரும்பும்."

"வண்டியை எடு," என்றார் ஸுஹைர். "இஸ்மத்தைப் பாத்துட்டு வருவோம்."

*

ஏழாம் நாள் விழாச் சாமான்கள் விற்கும், ஹஜ் போய்வந்த ஹாஜா ரவ்ஹியாவின் கடை, பழைய மார்க்கெட்டில் மூன்றாவது சந்து. சல்லடைகள், மெழுகுவர்த்திகள், ஜரிகைத் துணி, வரிசையாகப் பித்தளை உரல்கள். ஷலபி ஓர் உலக்கையை எடுத்து 'டங்' என்று ஒரு போடு போட்டான்.

"அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காதே," என்று விழாவில் குழந்தை காதருகே சொல்லும் வாசகத்தை ராகத்தோடு சொன்னான். "என் பொண்ணுங்க அந்த ஒரு நாள் கேட்டதை இன்னிக்கு வரைக்கும் மறக்கல டாக்டர்."

"உலக்கையைக் கீழ வைப்பா," என்றாள் ரவ்ஹியா. "வாங்கறவன் தட்டிப் பாக்கமாட்டான். தட்டிப் பாக்கறவன் வாங்கமாட்டான்."

ஸுஹைர் அட்டையை நீட்டினார். "இது நீங்க அடிச்சதா ஹாஜா?"

ரவ்ஹியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "நம்ம இஸ்மத்து."

"தெரிஞ்ச குழந்தையா?"

"மொகத்தைப் பாத்ததில்ல. நல்ல கிராக்கி." சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். ஸுஹைர் கை நீட்டவில்லை.

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"வாரா வாரம். ஞாயித்துக்கிழமை."

"எப்போதிலேருந்து?"

"அஞ்சு மாசம் இருக்கும்."

ஷலபி விரல் விட்டுப் பார்த்தான். "அஞ்சு மாசமா அந்தக் குழந்தைக்கு வயசு ஏழு நாள். என் பொண்டாட்டி கிட்டச் சொல்லணும். அவளும் பதினஞ்சு வருஷமா முப்பதுலதான் நிக்கறா."

"எப்பவும் குடுவைதானா ஹாஜா?" என்றார் ஸுஹைர்.

"இல்ல டாக்டர். ஒரு வாரம் ரோஸ் பையில குடுவை. ஒரு வாரம் நீலப் பையில கெண்டி. பேர் மட்டும் அதே பேரு." ரவ்ஹியா குரல் இறங்கிக்கொண்டே போனது. "பெரிய குடும்பம், பாட்டன் பேரை எல்லாக் கொழந்தைக்கும் வைக்கறாங்கன்னு சொன்னான்."

"யாரு?"

"டுக்டுக் ஆட்டோ விடற பஸ்யூனி. அவன் வண்டிதான் வந்து காலிப் பையும் அட்டையும் எடுத்துட்டுப் போகும். கட்டறது வேற யாரோ. நான் கேக்கல." சற்று நேரம் ஒரு சல்லடையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "கேட்டிருக்கணும் இல்ல?"

யாரும் பதில் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஸுஹைர் சொன்னார். "ரோஸ்னா சிவப்பு மாத்திரை. நீலம்னா வேற சரக்கு. ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி ஒரே பேரு. பையைப் பிரிக்காமலே வாங்கறவனுக்குத் தெரிஞ்சுரும். மாகாணம் பூரா டுக்டுக்ல போகுது."

"போலீஸ்காரன் நிறுத்தினா?"

"ஏழாம் நாள் பையை எந்தப் போலீஸ்காரன் பிரிப்பான்? வாழ்த்துச் சொல்லிட்டு அவனே ஒண்ணு வாங்கிப்பான்."

"அப்போ முடிஞ்சுது டாக்டர். பஸ்யூனி ஆளு எவனோ மித்வல்லிக்கு ஒரு பை குடுத்திருக்கான். பாவம், மிட்டாய்னு தின்னுட்டான். உம்மு வர்தா சொன்னது சரி." ஊரில் இன்ஸாஃபை எல்லோரும் மகள் பெயரைச் சேர்த்து அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நாளைக்குப் பத்து மணிக்குப் பையை நீட்டுவோம். பத்தரைக்கு அவன் வெளிய."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஸுஹைருக்கு ஏனோ அது காதுக்குள் போகவில்லை. வேறொரு சத்தம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. என்ன சத்தம் என்றுதான் பிடிபடவில்லை.

*

கஃப்ர் நஈம் வளைவில் ஒரு டீக்கடை. கால்வாய்த் தடுப்புச் சுவரில் மைக்ரோபஸ் உடைத்துக்கொண்டு போன இடத்தில் இன்னும் ஒரு துணிக் கயிறுதான் கட்டியிருந்தது.

ஷலபி அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏன் முதுகு காட்டற?"

"வெயில்."

"வெயில் உனக்குப் பின்னாலதான் இருந்துச்சு."

ஷலபி டீ கிளாஸை உருட்டினான். "இதே வளைவு டாக்டர். நாலு வருஷம். அரை ஸ்ட்ராபெர்ரி போட்டுட்டு, பதினாலு பேரை ஏத்திட்டு, பாட்டுப் போட்டுட்டுப் போயிருக்கேன். ஒரு கை வெளிய தொங்கும். எனக்குக் கால்வாய் வழி விட்டுச்சு. அவனுக்கு விடல. அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் வித்தியாசம்."

அவனைக் கண்டிக்கத் தனக்கு அருகதை இல்லை என்பது ஸுஹைருக்குத் தெரியும். அந்த நாலு வருடத்தின் முதல் மாத்திரை அட்டையை ஷலபி வாங்கியது அவருடைய கடையில்தான். அப்போது இவ்வளவு கெடுபிடி கிடையாது. முதுகு வலி என்று டிரைவர்கள் வரிசையில் நிற்பார்கள். இத்தனை டிரைவர்களுக்கு ஒரே நாளில் முதுகு வலிக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கேட்கவில்லை. ரவ்ஹியாவிடம் காலையில் பதில் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

அவர் கைப்பையிலிருந்து ரவ்ஹியா கடையில் வாங்கிய வேறொரு விழாப் பையை எடுத்தார். தண்ணீர் கிளாஸுக்குள் மெதுவாக இறக்கினார்.

"பசிச்சா சொல்லுங்க டாக்டர், ஃபூல் பயறு வாங்கிட்டு வரேன். ஊறவெச்சுத் தின்னற அளவுக்கு நெலமை மோசமாயிடல."

"மித்வல்லியை எவ்வளவு நேரம் கழிச்சு வெளிய எடுத்தாங்க?"

"கால் மணி நேரம்னாங்க. வண்டிக்குள்ள மேல காத்து இருந்திருக்கு. மூக்கு மட்டும் தண்ணிக்கு வெளிய."

"அப்போ கால் மணி நேரம் காத்திரு."

ஷலபி இன்னொரு டீ குடித்தான். ஸுஹைர் பையை வெளியே எடுத்தார். அட்டையில் எழுத்து மை கலங்கி, குடுவையா கெண்டியா என்று தெரியவில்லை. பாதாமின் சர்க்கரை கரைந்து வலையெல்லாம் பிசுக்கு. ஒரு கடலையை எடுத்து நீட்டினார். ஷலபி கடித்தான். சத்தமே வரவில்லை.

"கரண்ட் போன ஊர் மாதிரி இருக்கு," என்றான்.

"காலைல நீ தின்னியே, அது என்ன சத்தம் போட்டுச்சு?"

"கடக்…" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான். கிளாஸைப் பார்த்தான். உடைந்த சுவரைப் பார்த்தான். முதல் தடவையாக அந்தப் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

"அந்தப் பை தண்ணில விழவே இல்ல," என்றார் ஸுஹைர். "மித்வல்லியோட அங்கியில அது இருந்ததே இல்ல."

"அப்போ உம்மு வர்தாவுக்கு எங்கேருந்து…"

"எங்கேருந்து கிடைக்கும்? கட்டறவங்க வீட்லேருந்து."

*

இன்ஸாஃபின் வீடு இரண்டாவது மாடி. மகள் வர்தா நர்ஸிங் பள்ளிக்குப் போயிருந்தாள். சோபாவின் மேல் சுத்தமான விரிப்பு. ஜன்னல் திரையை ஓர் இளஞ்சிவப்பு ரிப்பனால் ஒதுக்கிக் கட்டியிருந்தது. இரண்டு காது விட்டு, நுனியை உள்ளே மடித்த முடிச்சு. ஸுஹைரின் மேஜையில் வைத்த பையிலும், ஷலபி அவிழ்க்கும் முன்பு, இதே முடிச்சுதான் இருந்தது.

"நாளைக்கு விட்ருவாங்களா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே டீயோடு வந்தாள். நாற்பது வயது. பதினொரு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. டிரைவர்களுக்கான மரியாதைச் சொல்லால் ஷலபியை அழைத்தாள். "உஸ்தா ஷலபி, நீங்க இனிப்பாத்தானே குடிப்பீங்க? டாக்டர், உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"

"மித்வல்லிக்குப் போட்ட அளவு," என்றார் ஸுஹைர்.

சொன்ன மறுகணமே வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. இன்ஸாஃப் ஸ்பூனைச் சர்க்கரை டப்பாவுக்குள் திரும்ப வைத்தாள். மூடியைத் திருகினாள். இன்னும் திருகினாள். அதற்கு மேல் திருக முடியாது என்ற பிறகும் கை நிற்கவில்லை.

"நாலு ஸ்பூன்," என்றாள் கடைசியில். "மாத்திரை கசக்கும்னாங்க. நாலு போட்டா தெரியாதுன்னு போட்டேன்."

ஷலபி தன் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்தாரு. படுக்கப் போனாரு. ஓனர் போன் பண்ணிட்டான், காலை டிரிப்புக்கு வரலேன்னா வண்டி வேற ஆளுக்குன்னு. கண்ணைத் தொறக்க முடியல அவரால. நான் அஞ்சு மாசமா இதைத்தானே கட்டறேன். தூக்கம் வராதுன்னுதானே எல்லாரும் வாங்கறாங்க." மூச்சு வாங்கினாள். "வழில தூங்கிடக்கூடாதேன்னுதான் போட்டேன் டாக்டர். சத்தியமா அதுக்குத்தான்."

"பழகாத உடம்புக்கு அது வேற வேலை செய்யும்மா," என்றார் ஸுஹைர் மெதுவாக. "தலை சுத்தும். வலிப்புகூட வரும்."

"அதை யாரும் சொல்லல."

"இல்ல. விக்கறவங்க சொல்லமாட்டாங்க." ஸுஹைர் சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் சொன்னதில்ல."

சந்தில் யாரோ பழைய சாமான் கேட்டுக் கூவிக்கொண்டு போனான்.

"எங்க கிட்ட எதுக்கு உம்மு வர்தா வந்தீங்க?" என்றான் ஷலபி. "பேசாம இருந்திருந்தா உங்களை யாரும் தேடியிருக்கமாட்டாங்க."

"சொல்லணும்னுதான் படி ஏறி வந்தேன் உஸ்தா. வாயைத் தொறந்ததும் பொய்தான் வந்துச்சு. சரி, இவங்களாவது கண்டுபிடிக்கட்டும்னு பையை வெச்சுட்டு வந்துட்டேன். கண்டுபிடிச்சுறக் கூடாதேன்னும் ராத்திரி பூரா வேண்டிக்கிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வெங்காயக்காரம்மா வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனேன். அவ பொண்ணு என் கையைப் புடிச்சுட்டு, 'உங்க வீட்டுக்காரர் நல்லவரு அத்தை, எங்கம்மாவுக்குக் கூடையை அவரேதான் இறக்கி வெப்பாரு'ன்னு சொல்லுது. ஆறுதலை அது எனக்குச் சொல்லுது."

ஷலபி எழுந்து ஜன்னலுக்குப் போனான். வெளியே பார்த்தபடியே பேசினான்.

"டாக்டர், ஒண்ணு சொல்றேன். சத்தத்தைக் கேட்டது நாம ரெண்டு பேருதான். மிச்சக் கடலையை நான் இப்பவே போய் ஊறவெச்சுடறேன். அட்டையையும் நனைச்சுடலாம். நாளைக்கு மித்வல்லி வெளிய வந்துருவான். இவங்களும் வெளியவே இருப்பாங்க. அந்தப் பொண்ணு நர்ஸிங் ஸ்கூல்லேருந்து வந்தா கதவைத் தொறக்க ஆள் இருக்கும்."

அவன் விளையாடவில்லை. ஸுஹைருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர், கால் மணி நேரம். முப்பது வருடம் கேட்காமல் இருந்தவருக்கு இன்னும் ஒரு நாள் கேட்காமல் இருப்பது என்ன கஷ்டம்? ஜன்னல் திரையின் ரிப்பன் முடிச்சைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை பஸ்யூனியோட வண்டி வரும் இல்ல?" என்றார் பிறகு.

இன்ஸாஃப் தலையசைத்தாள். உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தாள். வாயைத் திறந்து காட்டினாள். நீலப் பைகள், வரிசையாக, முடிச்சுப் போட்டு, அட்டை கோத்து. 'எங்கள் இஸ்மத்தின் ஏழாம் நாள்.' மூக்கு வைத்த கெண்டி.

"இந்தப் பேரு யாரு வெச்சது?" என்றார் ஸுஹைர்.

"நான்தான். ஆணுக்கும் பொண்ணுக்கும் பொருந்தற பேரா ஒண்ணு சொல்லுன்னான் பஸ்யூனி. வர்தாவுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பொறந்துச்சு டாக்டர். பையன். ஆறாம் நாள் போயிட்டான். உரல், மெழுகுவத்தி எல்லாம் வாங்கி வெச்சிருந்தோம்." ஓர் அட்டையை நேராக்கினாள். "அவனுக்கு வெக்க இருந்த அந்தப் பேர் எங்கேயாவது அச்சுல வரட்டுமேன்னு நெனச்சேன். வாரா வாரம் கட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள என்ன வைக்கறேன்னு பாக்காமலே கட்டப் பழகிட்டேன்."

சாக்கின் வாயைக் கட்டினாள். அதற்கும் அதே முடிச்சு. கறுப்பு முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு வேண்டாம். இன்னிக்கே போயிடலாம். நாளைக்குன்னா மறுபடி பொய் வந்துரும்."

*

காரில் அவள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கஃப்ர் நஈம் வளைவு வந்ததும் ஷலபி இரண்டாம் கியருக்கு இறக்கினான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போனது.

"வக்கீல் ஸக்கி உங்க கூடவே இருப்பாரு," என்றார் ஸுஹைர் திரும்பிப் பார்த்து. "பஸ்யூனி பேரை நீங்களா முன்வந்து சொன்னா அதை அவங்க கணக்கில எடுத்துப்பாங்க. மித்வல்லி தெரியாமத்தான் குடிச்சான்னு இன்னிக்கே எழுதிடுவாங்க. வர்தாவை என் வீட்ல வெச்சுக்கறேன். இதெல்லாம் போதாதுன்னு தெரியும்."

இன்ஸாஃப் கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. துணிக் கயிறு கட்டிய இடம் கடந்து போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அந்த டீயைப் பத்தி வக்கீல் கிட்டச் சொல்லி அழுதாராமே? எரக்கப்பட்டு சர்க்கரை போட்டேன்னு."

"ஆமா."

"ஜெயில்ல மத்தவங்க கிட்டயும் சொல்லிட்டு இருப்பாரு. அப்படித்தான் அவரு, நல்லதா ஒண்ணு கிடைச்சா பத்துப் பேருக்குச் சொல்லுவாரு." சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கடலைகள் கலகலவென்றன. "மத்தது எல்லாத்தையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க. அந்தச் சர்க்கரை எதுக்குன்னு மட்டும் யாரும் அவர் கிட்டச் சொல்லிட வேணாம். அதை நான் சொல்லணும்."